மிலாவா, மிராவா, வெஸ்னாவா? பிர்னோவில் பிறக்கப்போகும் மருமகளுக்கு ஒரு பெயர்

தம்பி அனுப்பிய செய்தியில் ஐந்து பெயர்கள் வரிசையாக இருந்தன. மிலா, மிரா, வ்யேரா, நத்யா, வெஸ்னா. "ஏப்ரல் முதல் வாரம் சொல்லியிருக்காங்க. பொண்ணுதான். நீ பாத்துச் சொல்லுக்கா" என்று கீழே ஒரு வரி. அவன் செக் நாட்டில் பிர்னோ நகரத்தில் வேலை பார்க்கிறான். மனைவி அந்த ஊர்க்காரி. ஐந்தும் அவள் தேர்ந்தெடுத்தவை, ஐந்தும் ஸ்லாவிய மொழிகளில் புழங்கும் பெயர்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மாமியார் வாயில் நுழையாத பெயர் வேண்டாம் என்று அவளே ஒரு சுற்று வடிகட்டிய பிறகுதான் பட்டியல் என்னிடம் வந்தது. அந்த அக்கறைக்காகவே நான் இதைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது அத்தை. இந்தக் குழந்தைக்கு அத்தை நான்தான். என் வாயிலிருந்து முதலில் போகப்போகும் பெயர் எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பெயர்ப் புத்தகங்களைப் புரட்டினால் பொருள் மட்டும் கிடைக்கும். மிலா என்றால் பிரியமானவள், மிரா என்றால் அமைதி, வ்யேரா நம்பிக்கை, நத்யா அதுவும் நம்பிக்கை, வெஸ்னா வசந்தம். ஐந்தும் நல்ல பொருள்தான். பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதுதான். அதனால் தம்பி மனைவியிடம் வேறு ஒன்று கேட்டேன். "பிள்ளை பூங்காவில் விளையாடிக்கொண்டிருக்கிறாள், நீ வீட்டு வாசலில் நிற்கிறாய், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடு, கேட்கிறேன்."

அவள் கூப்பிட்டாள். மிலோ! மிரோ! வ்யேரோ! நத்யோ! வெஸ்னோ!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாப் பெயரும் ஓகாரத்தில் முடிகின்றன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, இது நம் விளி வேற்றுமை. முருகன் கூப்பிடும்போது முருகா ஆகிறான், தங்கை தங்காய் ஆகிறாள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஒரு இயலையே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். செக் மொழியில் ஏழு வேற்றுமைகள், விளி அதில் ஐந்தாவது. நமக்கு எட்டாவது. போலிஷ், உக்ரேனியன், செர்பியன் மொழிகளிலும் இது உயிரோடு இருக்கிறது. ரஷ்யன்தான் பெரும்பாலும் இழந்துவிட்டது. பெயரை மாற்றாமல் அப்படியே எழுவாயாகக் கூப்பிட்டால் செக் காதுக்கு ஏதோ பதிவேட்டிலிருந்து வாசிப்பதுபோல் இருக்குமாம்.

ஆக, எங்கள் மருமகளுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அம்மா வழியில் ஓகாரமாகவும் அப்பா வழியில் ஆகாரமாகவும் இரண்டு அழைப்புகள் கேட்கப் போகின்றன. இரண்டும் நன்றாக ஒலிக்கிற பெயர்தான் வேண்டும். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

முதலில் மிராவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்டவுடன் எல்லோரும் கைகாட்டியது அதைத்தான். "மீராதானே, நம்ம பேருதான்" என்று சித்தி முடித்தே விட்டார். ஸ்லாவிய மொழிகளில் மிர் என்ற வேருக்கு அமைதி என்று பொருள். ரஷ்யனில் உலகம் என்றும் பொருள். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு இந்த இரண்டு சொற்களையும் வேறு வேறு எழுத்தால் எழுதினார்கள், பிறகு ஒன்றாகிவிட்டன. 1986-இல் சோவியத் ஒன்றியம் விண்ணில் ஏற்றிய நிலையத்துக்கு மிர் என்று பெயர் வைத்தபோது இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலித்தன. மிரா என்ற பெயர் பெரும்பாலும் மிரொஸ்லவா போன்ற நீண்ட பெயர்களின் சுருக்கம். வானத்திலும் ஒரு மிரா உண்டு. திமிங்கில விண்மீன் கூட்டத்தில் ஒளி கூடிக் குறைந்து கண்ணாமூச்சி காட்டும் விண்மீனுக்கு, இன்றைய போலந்தில் உள்ள க்தான்ஸ்க் நகரத்து வானியலாளர் யோகான்னஸ் ஹெவேலியஸ் 1662-இல் அந்தப் பெயரைக் கொடுத்தார். அது லத்தீன் சொல், வியப்புக்குரியது என்று பொருள். மீராபாயின் பெயருக்கும் ஸ்லாவிய மிராவுக்கும் உறவு கிடையாது. ஒலி மட்டும் ஒத்துப்போகிறது.

இவ்வளவு இருந்தும் மிரா எங்களுக்குச் சரிவரவில்லை. காரணம் குறில் நெடில். செக் மொழி நம்மைப் போலவே குறிலையும் நெடிலையும் கறாராகப் பிரிக்கும் மொழி. நெடில் என்றால் எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு போடுவார்கள். மிரா குறிலாக இருக்கும்வரை பெண் பெயர். நெடிலாக்கி மீரா என்று சொன்னால், மிரொஸ்லவ் அல்லது யாரொமீர் என்ற ஆணை வீட்டில் கூப்பிடும் பெயர் ஆகிவிடுகிறது. அதோடு மீரா என்பது செக்கில் 'அளவு' என்று பொருள்படும் சாதாரணச் சொல். எங்கள் சொந்தபந்தத்தில் யாராவது மிரா என்று குறிலில் நிறுத்துவார்களா? ஒருவரும் மாட்டார்கள். வாய் தானாக மீராவுக்குப் போகும். அம்பாசமுத்திரத்தில் அது தெய்வத்தைப் பாடியவளின் பெயர், பிர்னோவில் அது மிரொஸ்லவ் மாமா. குழந்தையைக் காலமெல்லாம் இந்தத் திருத்தத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க விடுவது பாவம். தாய் ரஷ்யப் பெண்ணாக இருந்தால் நிலைமை வேறு. ரஷ்யனில் அழுத்தம் விழும் உயிர் தானே நீளும், மீரா என்றே காதில் விழும், ஆண் பெயர்க் குழப்பமும் கிடையாது. அப்படிப்பட்ட தமிழ்க் குடும்பத்துக்கு நான் தயங்காமல் மிராவைத்தான் சொல்வேன்.

மிலா இப்போது உலகமெங்கும் பரவியிருக்கும் பெயர். உக்ரைனில் செர்னிவ்த்சி நகரத்தில் 1983-இல் பிறந்த ஹாலிவுட் நடிகை மிலா குனிஸ் வழியாகப் பலருக்கும் பழக்கம். மில் என்ற வேருக்குப் பிரியம், அருமை என்று பொருள். மிலான், மிலோஷ், மிலெனா, மிலாதா, போஹுமில் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். செக்கில் கடிதம் எழுதும்போது 'அன்புள்ள' என்ற இடத்தில் பெண்ணுக்கு 'மிலா' என்று கடைசியை நீட்டி எழுதுவார்கள். எனவே இந்தப் பெயருள்ள பெண்ணுக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் 'மிலா மிலோ' என்று தொடங்கும். அன்புள்ள அன்பே! தம்பி மனைவி இதைச் சொல்லிக் காட்டியபோது அவள் முகமே மலர்ந்துவிட்டது. எனக்கும் மிகவும் பிடித்திருந்தது.

இந்த வேரில் பிறந்த பெயர்களுக்கு அந்த மண்ணில் பெரிய வரலாறும் உண்டு. பொஹீமியாவின் காவல் புனிதை லுட்மிலா, மக்களின் பிரியத்துக்குரியவள் என்று பொருள். பேரன் வாட்ஸ்லாவை வளர்த்த பாட்டி அவர். 921-இல் தெதீன் கோட்டையில் கொல்லப்பட்டார். மிலாதா ஹொராகோவா என்ற வழக்கறிஞர், நாஜிச் சிறையில் இருந்து மீண்டு வந்தவர், 1950 ஜூன் 27 அன்று கம்யூனிஸ்ட் அரசால் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தேதியை இன்றும் நாடு நினைவு நாளாக வைத்திருக்கிறது.

ஆனால் அம்மாவிடம் மிலா என்றதும் வந்த பதில் இது: "ஏல, மிளா காட்டுல மேயுத மிருகம்லா? அந்தப் பேரயா பிள்ளைக்கு வைக்கப் போற?"

எங்கள் ஊரில் கடமானுக்கு மிளா என்று பெயர். பாபநாசம் மலையில் அந்தி நேரத்தில் தண்ணீர் குடிக்க இறங்கும், கண் பெரிதாக, பார்க்க அழகான மிருகம். சென்னைக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, மிளாவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். லகரம் வேறு ளகரம் வேறு என்று நான் விளக்கினேன். அம்மா அதை ஒத்துக்கொண்டாலும் தெருவில் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளாது. நான் இதை ஒரு பெரிய குறையாக எண்ணவில்லை. மானின் பெயரை ஒத்திருப்பதில் என்ன கேடு? எனக்கு உறுத்தியது வேறு. மிலா இன்று எந்த நாட்டுக் குழந்தைக்கும் வைக்கிற பெயராகிவிட்டது. பிர்னோவின் மண்வாசனையும் அதில் தனியாக இல்லை, எங்கள் வீட்டு வாசனையும் இல்லை. எங்கும் செல்லுபடியாகும் பெயர் வேண்டும், நாளைக்கு எந்த நாட்டில் வாழ்வோமோ தெரியாது என்று நினைக்கும் பெற்றோருக்கு இதைவிடப் பாதுகாப்பான பெயர் கிடையாது.

வ்யேராவையும் நத்யாவையும் சேர்த்தே பார்க்க வேண்டும், அவை அக்கா தங்கை. கீழைத் திருச்சபை மரபில் வேரா, நதேஷ்தா, லுபோவ் என்று மூன்று சகோதரிகள். தாயின் பெயர் சோஃபியா. கிரேக்கப் பெயர்களை அப்படியே ஒலியாக எடுக்காமல் பொருளால் ஸ்லாவிய மொழிக்கு மாற்றிக்கொண்டவை இந்த மூன்றும். தமிழ் விவிலியத்தில் பழகிய சொற்களில் சொன்னால் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. நம் பேச்சில் முதல் இரண்டுக்கும் நம்பிக்கை என்ற ஒரே சொல் போதுமாகிவிடுகிறது. பெயர்ப் பட்டியலில் இரண்டும் ஒரே பொருளாகத் தெரிந்தது அதனால்தான்.

வ்யேரா என்றவுடன் செக் மக்களுக்கு நினைவு வருபவர் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வ்யேரா சாஸ்லாவ்ஸ்கா. 1964 டோக்கியோவில் மூன்று தங்கம், 1968 மெக்சிகோவில் நான்கு. அந்த ஆண்டு ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் நாட்டுக்குள் நுழைந்தபோது அவர் வட மொராவியாவின் மலைக்காட்டில் ஒளிந்திருந்து, மரக்கிளையில் தொங்கியும் உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கியும் பயிற்சி செய்தார். பரிசு மேடையில் சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைத் தாழ்த்தி மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதற்காகப் பல ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டார். இப்படி ஒரு பெண் நடந்து காட்டிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது பெருமைதான். என் மனசு இதில் ரொம்பவே சாய்ந்தது.

தடுத்தது தமிழ் நாக்கு. வ்ய என்று மெய் இரட்டித்துத் தொடங்கும் சொல் நமக்கு வராது. வியேரா ஆகும், இல்லையென்றால் வேரா. வேரா என்றால் நம் பேச்சில் 'வேற' என்று காதில் விழும். "பேரு என்ன?" "வேரா." "வேறயா? எந்தப் பேருக்கு வேற?" இந்த உரையாடல் ஒரு கல்யாண வீட்டில் எத்தனை தடவை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நத்யாவுக்கு நேர் எதிர் நிலைமை. தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே வீட்டுப் பெயர். அரபு மொழியிலும் நாதியா உண்டு, நம் முஸ்லிம் குடும்பங்களில் கேட்கலாம். எண்பதுகளின் நடுவில் நதியா என்ற நடிகை வந்த பிறகு கம்மலுக்கும் வளையலுக்கும்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூப்பிடவும் சுலபம். ஆனால் இங்கே எல்லோரும் நடிகை பெயர் என்பார்கள், அங்கே ஒரு தலைமுறை ரஷ்யப் பெயர் என்று கொஞ்சம் விலகி நிற்கும். செக்கில் நம்பிக்கைக்கு உரிய சொல் நத்யெயெ. நதேஷ்தா கிழக்கிலிருந்து வந்த வடிவம். இரண்டு பக்கமும் வேறு யாரையோ நினைவூட்டுகிற பெயர் எங்கள் குழந்தைக்கு எதற்கு என்று இதை விட்டுவிட்டேன்.

பட்டியலுக்கு வெளியேயும் கொஞ்சம் தேடினேன். ஸோயா, உயிர் என்று பொருள், கிரேக்க வழிப் பெயர். தமிழில் எழுதினால் சோயா ஆகிவிடும், மளிகைக்கடை நினைவுதான் வரும். ஸ்லோவேனியாவில் ழிவா என்று ஒரு பெண் பெயர் உண்டு, உயிருள்ளவள் என்று பொருள். முதல் எழுத்தை நம் ழகரமாகப் படிக்க வேண்டாம், அது ஜகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒலி. வடமொழியின் ஜீவனும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. ஆனால் ஜீவா நம் ஊரில் பெரும்பாலும் ஆண். ஸ்வெத்லானாவில் இருக்கும் ஒளிக்கான சொல்லும் நம் ஸ்வேதாவின் வெண்மையும் உறவுக்காரர்கள். இந்தத் தேடலில்தான் ஒரு விஷயம் உறைத்தது. மிராவும் மீராவும் போல ஒலி ஒத்துப்போவது ஒரு வகை. வேரே ஒன்றாக இருப்பது இன்னொரு வகை. பட்டியலில் இருந்த ஐந்தில் அப்படி வடமொழி வழியாக நம் வீட்டுப் பெயரோடு வேர் கலந்தது வெஸ்னா.

வசந்தம் என்ற சொல்லும் வெஸ்னாவும் ஒரே மூலச் சொல்லின் இரண்டு பிள்ளைகள். ரஷ்யனிலும் உக்ரேனியனிலும் வசந்த காலத்துக்கு இதுவே அன்றாடச் சொல். போலிஷில் வியொஸ்னா. செக்கில் யரோ என்பார்கள், வெஸ்னா கவிதையில் வரும் பழஞ்சொல், நாம் இளவேனில் என்று எழுதுவதுபோல. எங்கள் அம்மாவின் பெயரே வசந்தத்தைக் குறிப்பதுதான். பேத்தி என்ற சொல் பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது, பெயரைத் தாங்குபவள். பாட்டியின் பெயரை அப்படியே வைத்தால் பிர்னோவில் யாருக்கும் சொல்ல வராது. மொழிபெயர்த்து வைத்தால்? அதுவும் அகராதியைத் திறந்து ஒட்டவைத்த மொழிபெயர்ப்பாக இல்லாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மொழிகள் தாமாகச் செய்து வைத்தது. பிள்ளை பிறக்கும் மாதமும் ஏப்ரல்.

பிர்னோவுக்கும் இந்தப் பெயர் அந்நியமில்லை. அந்த நகரத்தில் 1870-இல் தொடங்கிய பெண்கள் சங்கத்தின் பெயர் வெஸ்னா. பாடும் குழுவாக ஆரம்பித்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. தம்பி மனைவிக்கு அந்தப் பெயர் ஊரில் பழகிய பெயர்தான், ஆனால் குழந்தைப் பெயராக அவள் யோசித்ததில்லை. கடைசியாகச் சும்மா சேர்த்தேன் என்றாள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். செக் நாட்டில் குழந்தைகளுக்கு இது அரிதான பெயர். ஸ்லோவேனியா, குரோவேஷியா, செர்பியா பக்கம்தான் இது வீட்டுப் பெயர், அங்கேயும் பெரும்பாலும் இன்றைய பாட்டிமார் வயதுக்காரர்களுக்கு. கோடை விடுமுறைக்கு செக் குடும்பங்கள் குரோவேஷியக் கடற்கரைக்குப் போவது வழக்கம். அங்கே அறை வாடகைக்கு விடும் அம்மாள் ஒரு வெஸ்னாவாக இருப்பார் என்று தம்பி மனைவி சொன்னாள். இன்னொன்று, செல்லமாகச் சுருக்கி வெஸ்னிச்கா என்றால் செக்கில் அது 'சின்னக் கிராமம்' என்ற சொல்லாகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் யாராவது இதைக் கண்டுபிடிப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊரிலிருந்து போனவன் மகள்தானே அவள்.

அப்புறம் வெஸ்னா வுலோவிச். 1972 ஜனவரி 26 அன்று யூகோஸ்லாவிய விமானம் ஒன்று செக்கோஸ்லோவாகிய வானில் வெடித்துச் சிதறியபோது, பத்தாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்து உயிர் பிழைத்த பணிப்பெண். அங்கே வயதானவர்களுக்கு அந்தப் பெயர் கேட்டால் முதலில் அவர்தான் நினைவுக்கு வருவாராம். உயிர் கெட்டியான பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒலியில் எந்தச் சங்கடமும் இல்லை. விஷ்ணு, கிருஷ்ணன் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு வெஸ்னா ஒரு பாடே இல்லை. குறில் நெடில் தகராறு கிடையாது. வெஸ்னோ என்று கூப்பிட்டாலும் வெஸ்னா என்று கூப்பிட்டாலும் நன்றாக நீள்கிறது, தூரத்துக்குப் போகிறது.

பதிவு செய்வதில் ஒரு சின்ன விவரம், அங்கே இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். செக் சட்டப்படி செல்லப்பெயர் வடிவங்களையும் சிதைந்த வடிவங்களையும் பதிவேட்டில் ஏற்ற முடியாது. முழுப் பெயர் ஒன்று வேண்டும். நாமும் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இருப்பவர்கள்தான், அதனால் இது புதிதில்லை. குழந்தைக்கு இரண்டு பெயர்கள் வரை வைக்கலாம். குடும்பப் பெயரில் பெண்களுக்குச் சேரும் 'ஓவா' விகுதி 2022 ஜனவரி முதல் கட்டாயமில்லை, விருப்பம்தான். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகிய நம் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. தம்பியின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருப்பது எங்கள் அப்பாவின் பெயர். அதன் வாலில் ஓவா சேர்ந்தால் அப்பாவுக்கே அடையாளம் தெரியாது.

இரண்டு பெயர் வைக்கலாம் என்ற அந்த வரியில்தான் விஷயம் முடிந்தது. தம்பி மனைவியை வளர்த்தது அவள் பாட்டி. பெயர் லுட்மிலா, அந்தப் புனிதையின் பெயர். மிலா மீது அவளுக்கு இருந்த ஆசையின் காரணம் அதுதான் என்று கடைசியில்தான் வாய் திறந்தாள். முன்பே சொல்லியிருந்தால் மிளாவைப் பற்றி நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். வெஸ்னா லுட்மிலா. முதலில் எங்கள் பாட்டி, பின்னால் அவர்கள் பாட்டி. செப்டம்பர் 16 லுட்மிலாவின் பெயர் நாள். செக் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் அச்சிட்டிருக்கும், அந்தப் பெயர்க்காரருக்கு அன்றைக்குப் பூங்கொத்து கொடுப்பார்கள். இரண்டாம் பெயர் வழியாக அந்தப் பூவும் குழந்தைக்குக் கிடைக்கும்.

அம்மாவிடம் பொருள் எதுவும் சொல்லவில்லை. "இந்தப் பேர ஒருக்கா கூப்பிட்டுப் பாரும்மா" என்றேன். அடுப்படியில் நின்றவள் கரண்டியை வைத்துவிட்டு, புறவாசல் பக்கம் திரும்பி, அங்கே ஒரு பிள்ளை நிஜமாகவே விளையாடுவதுபோல, "ஏட்டி வெஸ்னா, சோறு ஆறிப்போவுது, வாட்டி" என்று ஒரு குரல் கொடுத்தாள். போனில் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவிக்கு மற்றதெல்லாம் புரியவில்லை, பெயர் மட்டும் புரிந்தது.

பிறகு பொருளைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, "ஏப்ரல்ல அங்க குளிர் போயிருமால?" என்று தம்பியிடம் கேட்டாள்.